முன்னால் போகும் சிவப்பு விளக்கைத் துரத்தாதீர்கள்

கேள்வி: நண்பர்கள் நால்வர் இந்த வாரக் கடைசியில் இரவு ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) சவாரிக்குக் கூப்பிடுகிறார்கள். நான் பகலில் இரண்டே முறை ஓட்டியிருக்கிறேன். பாதி தூரம் காட்டுத் தடம், அப்புறம் உறைந்த ஏரியைக் குறுக்கே கடப்பதாகத் திட்டம். வரவில்லை என்றால் வருஷம் முழுக்க 'பயந்தாங்கொள்ளி' என்பார்கள். என்ன செய்வது?

பதில்: காட்டுக்குப் போங்கள், ஏரிக்கு வேண்டாம்.

ஏரியை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்னோமொபைலைத் தாங்க, தெளிந்த புதுப் பனிக்கட்டியே 12 முதல் 18 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பால்போல் வெளுத்திருந்தால் வலு பாதிதான். ஓடை வந்து சேரும் இடத்திலும் பாலத்தடியிலும் அதே ஏரி மெலிந்து கிடக்கும். பகலில் கண் ஓரளவாவது பிடித்துக்கொள்ளும். இரவில் பனிக்கட்டியும் திறந்த நீரும் ஹெட்லைட்டுக்கு ஒரே கறுப்பு. இதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். கரைவரை போய்விட்டுத் தனியாகத் திரும்புவது இன்னும் மோசம்.

இனி தடம். மணிக்கு 65 கிலோமீட்டரில் போனால் வண்டி ஒரு நொடியில் 18 மீட்டர் ஓடிவிடும். ஹெட்லைட் காட்டுவது சுமார் 60 மீட்டர். நீங்கள் சுதாரித்து பிரேக் பிடிப்பதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். மிச்சத்துக்குள் இறுகிய பனியில் வண்டி நிற்குமா? நிற்காது. விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே உங்கள் வேகம்.

ஆனால் புதியவர்கள் தம் விளக்கைப் பார்த்து ஓட்டுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். முன்வண்டி கிளப்பிவிடும் பனித்தூளுக்குள் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அது போகிற போக்கில் நாமும் போவோம். அவர் வளைவைத் தவறவிட்டால் நாமும் சேர்ந்து மரத்தடியில்தான். தூள் அடங்கித் தடம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

'விலகிவிட்டால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களே?' என்று தோன்றும். அதற்குத்தான் வரிசை. தடம் தெரிந்தவர் முதலில், நீங்கள் இரண்டாவதாக, நன்றாக ஓட்டுகிறவர் கடைசியில். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவரின் வெளிச்சத்துக்குப் பொறுப்பு. அது காணாமல் போனால் வேகத்தைக் குறைத்து நிற்க வேண்டும்; அவர் நின்றதும் அவருக்கு முன்னால் போகிறவர் நிற்பார், இப்படியே முதல் வண்டிவரை செய்தி போய்விடும். தடம் பிரியும் இடத்தில் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை யாரும் நகரக்கூடாது. நண்பர்களிடம் இன்றே கேளுங்கள்: 'கடைசியில் யார் வருவது?' இதுவரை யாரும் யோசிக்கவே இல்லையென்றால், அவர்கள் இன்னும் கிளம்பத் தயாராகவில்லை.

நிற்கும்போது தடத்தின் ஓரத்துக்கு வந்துவிடுங்கள். பல வண்டிகளில் இன்ஜினை அணைத்தால் விளக்கும் அணைந்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. தடத்தைச் சமன்செய்யும் பெரிய இயந்திரங்களும் பெரும்பாலும் இரவில்தான் வேலை செய்யும். மினுக்கும் விளக்கைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். வண்டியோடு உங்களை இணைத்து, நீங்கள் விழுந்தால் இன்ஜினை அணைத்துவிடும் கில் ஸ்விட்ச் கயிற்றை மாட்டாமல் ஏறவே வேண்டாம். இடையில் யாராவது குடித்தால் அதோடு சவாரி முடிந்தது. இதில் விவாதமே கிடையாது.

குளிரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் மைனஸ் 21 போல உறைக்கும். முதலில் மரத்துப்போவது, வேகம் கூட்டும் த்ராட்டிலை அழுத்தும் கட்டைவிரல். மாற்றுக் கையுறை ஒரு ஜோடி எடுத்துப்போங்கள். இருக்கைப் பெட்டியில் போட்டால் அதுவும் சில்லிட்டுவிடும். ஜாக்கெட்டுக்குள், வயிற்றோடு ஒட்டி வையுங்கள்.