அம்மா ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டார்!

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன வருடம் வாயெல்லாம் புண். ரசம்கூட வாயில் வைக்க முடியாமல் மோர்ச்சோற்றைக் கரைத்துக் குடித்தே நான்கு மாதம் ஓட்டினார். பிறகு முதுகிலும் மார்பிலும் கொப்புளங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சதை எடுத்துப் பரிசோதித்து ‘பெம்ஃபிகஸ்’ என்ற கொப்புள நோய் என்றார்கள். பிரெட்னிசோலோன் தினமும் 40 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஏழு வாரத்தில் புண்ணெல்லாம் ஆறிவிட்டது. ஆனால் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. ராத்திரி தூக்கமில்லை, இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் துலக்குகிறார். ‘அது ஸ்டீராய்டு, கிட்னியைத் தின்னுடும்’ என்று எங்கள் சின்ன அத்தை சொன்னதில் பயந்துபோய், ஐந்து நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, குமட்டல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. மாத்திரை சாப்பிட்ட நாட்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112தான் இருந்தது, ஆனால் தாகம் மட்டும் தீரவேயில்லை. மாத்திரையை விட்டது சரிதானா? பதிலுக்கு அதிமதுரமோ வேறு நாட்டு மருந்தோ கொடுக்கலாமா? தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். ‘இந்த மூஞ்சியோட மணவறையில நிக்க மாட்டேன்’ என்கிறார் அம்மா. முகம் பழையபடி ஆகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: நல்லவேளை, கடிதத்தின் அடியில் அலைபேசி எண் எழுதியிருந்தீர்கள். இது பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம் கையில் கிடைத்த அன்றே கூப்பிட்டு, அம்மாவை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஊசி போட்டு, சலைன் ஏற்றி, மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள் என்று மறுநாள் நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. இனி வருவது உங்களுக்கும், இதே மாத்திரையை வீட்டில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும்.

அம்மாவுக்கு வந்த தலைச்சுற்றலும் குமட்டலும் எதனால்? நம் சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போட்டாற்போல அட்ரினல் சுரப்பிகள் இரண்டு இருக்கின்றன. கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும், சர்க்கரை ஒரேயடியாக இறங்காமல் பார்ப்பதும், காய்ச்சலையும் காயத்தையும் உடம்பு சமாளிக்க உதவுவதும் அந்தக் கார்ட்டிசால்தான். ஒரு நாளைக்குச் சுரக்கும் அளவு, பிரெட்னிசோலோன் கணக்கில் பார்த்தால், ஏறக்குறைய 5 மில்லிகிராம். அம்மா சாப்பிட்டது 40. வீட்டுக்குத் தினமும் எட்டுப் பேர் சாப்பாடு ஓட்டலிலிருந்து வந்து இறங்கினால் யார் அடுப்பு பற்றவைப்பார்கள்? அட்ரினலும் அப்படித்தான், வேலையை விட்டுவிடும். மூன்று வாரத்துக்கு மேல் இந்த மாத்திரை சாப்பிட்ட யாருக்கும் இது நடந்திருக்கலாம். அப்புறம் ஒருநாள் ஓட்டல் சாப்பாடு திடீரென நின்றால், வீட்டு அடுப்பும் எரியாது. அம்மாவுக்கு நேர்ந்தது இதுதான். கவனிக்காமல் விட்டிருந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

அதனால்தான் நோய் அடங்கிய பிறகு டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மேல் அளவுகளில் ஐந்து, பத்து என்று வேகமாக இறங்கலாம். 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிட்டால் ஒன்று, இரண்டரை என்று ஆமை வேகம்தான். ‘இவ்வளவு கம்மி டோஸுக்கு எதற்கு இத்தனை மாதம்?’ என்று பலர் கடைசிப் படியில் பொறுமை இழந்து விட்டுவிடுகிறார்கள். அடுப்பு மறுபடி பிடித்து எரிய அந்த மாதங்கள் வேண்டும். ஒரு வாரம் மட்டும் ஆஸ்துமாவுக்கோ அலர்ஜிக்கோ கொடுத்த மாத்திரையின் கணக்கு வேறு, அதைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடலாம். அதையும் சீட்டில் எழுதியபடிதான் செய்ய வேண்டும்.

உங்கள் சின்ன அத்தையைக் கோபிக்காதீர்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கு நம் ஊரில் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. ஆனால் பெம்ஃபிகஸுக்கு இந்த மருந்து என்ன செய்திருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாக, இந்த மாத்திரைக்கு முன்னோடியான கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரு வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்து வருவதற்கு முன்னால், பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். தோலுரிந்த தீக்காயம்போல் உடம்பு திறந்து கிடக்கும், கிருமி புகுந்துவிடும். உங்கள் அம்மா இன்று மிளகு ரசம் சாப்பிடுகிறார் என்றால், அது இந்த மாத்திரையால்தான்.

கிட்னி விஷயமும் அப்படித்தான். இந்த மாத்திரை கிட்னியைத் தின்னாது. சிறுநீரில் புரதம் வெளியேறும் சில கிட்னி நோய்களுக்கு முதல் மருந்தே இதுதான். இது உண்மையில் தொந்தரவு செய்யும் இடங்கள் வேறு.

முதலில் சர்க்கரை. ‘வெறும் வயிற்றில் 112’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண்தான் உங்களை ஏமாற்றியது. காலையில் சாப்பிட்ட பிரெட்னிசோலோன் மதியத்திலிருந்து மாலைவரைதான் சர்க்கரையை அதிகம் ஏற்றும். இரவில் அதன் வேகம் குறைந்து, விடிகாலையில் சர்க்கரை ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும். போனில் பேசியபோது சாயங்காலம் நான்கு மணிக்கு ஒருமுறை குத்திப் பார்க்கச் சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? மாத்திரையைத் திரும்பத் தொடங்கி இரண்டாம் நாள் நீங்கள் படித்துச் சொன்ன எண் 318. தாகம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? ஸ்டீராய்டு சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பார்க்க வேண்டும். இதுவரை சர்க்கரையே இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். அந்த எண்களைத் தேதி போட்டுக் குறித்துப் போய்க் காட்டினால் டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவார், அல்லது கொஞ்ச காலத்துக்கு இன்சுலின் எழுதுவார். பின்னால் பிரெட்னிசோலோன் குறையக் குறைய இன்சுலினையும் குறைக்க வேண்டியிருக்கும், மறந்தால் தாழ்சர்க்கரை வந்துவிடும். 2021இல் கருப்புப் பூஞ்சை என்று ஊரே நடுங்கியது நினைவிருக்கும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் ஒன்று சேர்ந்ததுதான் அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று.

மாத்திரையை எப்போது சாப்பிடுவது? காலை டிபனுக்குப் பிறகு, எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. உடம்பின் சொந்தக் கார்ட்டிசாலும் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ராத்திரி பாத்திரம் துலக்கும் கதையைக் கேட்டதும் அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று விசாரித்தேன். பாதியைக் காலையிலும் பாதியை இரவிலும் சாப்பிட்டிருக்கிறார். சீட்டில் காலை ஒருவேளை என்றுதான் இருந்தது. வயிறு எரியுமோ என்று அவரே பங்கு போட்டுக்கொண்டார்! இரவு மாத்திரை தூக்கத்தைக் கலைக்கும். ஒருநாள் காலை மறந்துவிட்டால், அன்றே ஞாபகம் வந்ததும் சாப்பிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் இரண்டு பங்காகச் சாப்பிடக் கூடாது. தூக்கமின்மையோடு எரிச்சல், அழுகை, அளவுக்கு மீறிய உற்சாகம், சம்பந்தமில்லாத பேச்சு என்று மனநிலை மாறினால் ‘வயசாகிடுச்சு’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையும் இதுவும் சேர்ந்தால்தான் வயிற்றுப்புண்ணும் ரத்தக்கசிவும் அதிகம் வருகின்றன. வலி வந்தால் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

மாத்திரை அட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் 5, 10, 20, 40 என்று சின்னதாக ஓர் எண் இருக்கும். ‘இனி 5 மில்லிகிராம் ஆறு மாத்திரை’ என்று எழுதிய சீட்டுக்கு 10 மில்லிகிராம் அட்டையை வாங்கி, ஆறு மாத்திரையே சாப்பிட்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும். இன்னொரு குழப்பமும் உண்டு. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம் மீத்தைல்பிரெட்னிசோலோன் 4, டெஃப்லாசகார்ட் 6, டெக்ஸாமெத்தசோன் 0.75. ‘அரை மில்லிகிராம்தானே’ என்று டெக்ஸாமெத்தசோனை அலட்சியமாக நினைக்கவே கூடாது.

இப்போது நாட்டு மருந்து. நல்ல சித்த மருத்துவரைப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, இந்த மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். என் பயம் பெயரில்லாத பொடி மீதும், காகித உறையில் போட்டுத்தரும் வெள்ளை மாத்திரை மீதும்தான். ‘ரெண்டு வேளையில மூட்டுவலி பறந்துடும்’ என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்து அதே ஸ்டீராய்டை அளவு தெரியாமல் சாப்பிடுவதாக முடியும். அதிமதுரம் எல்லா வீட்டிலும் வாய்ப்புண்ணுக்குச் சுவைப்பதுதான். இந்த மாத்திரையோடு மட்டும் வேண்டாம். தினமும் சேர்த்துக்கொண்டால் அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரெட்னிசோலோனும் அதே பக்கம்தான் இழுக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாத்திரைக்குப் பயப்படுபவர்களைவிட, அதன்மேல் ஆசை வைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு பெரியவர் ஆறு வருடத்துக்கு முந்தைய சீட்டை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்திருந்தார். இழுப்பு வரும்போதெல்லாம் கடையில் அதை நீட்டி, வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். என்னிடம் வந்தபோது முதுகெலும்பில் இரண்டு கட்டை நொறுங்கியிருந்தது. கீழே விழவில்லை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

எலும்பு அப்படிச் சத்தமில்லாமல்தான் தேயும். மூன்று மாதத்துக்கு மேல் மாத்திரை தொடரும் என்றால் கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பைக் காக்கும் மருந்து பற்றி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். உணவில் ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் சேர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கூழாகக் குடிப்பதைவிட அடையாக அளவோடு சாப்பிடுவது மேல். உப்பைக் குறைக்க ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தள்ளி வைத்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். கண்புரைக்கும் கண் அழுத்தத்துக்கும் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் ஆரோக்கியமான அட்ரினல் கூடுதலாகச் சுரக்கும். அம்மாவுடையதால் இப்போது முடியாது. எனவே காய்ச்சலன்று மாத்திரையை நிறுத்தவே கூடாது, எவ்வளவு கூட்ட வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிதான் வழி, நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பல் பிடுங்குவது, ஆபரேஷன் எதுவானாலும் முதலிலேயே சொல்ல வேண்டும். மாத்திரை முழுக்க நின்ற பிறகும் ஒரு வருடம்வரை சொல்லிக்கொண்டிருப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

வீட்டில் குழந்தைகளுக்கு அம்மை போட்டால்? நம் பக்கத்தில் வேப்பிலை செருகி, வீட்டில் யாருக்கும் மருந்து கொடுக்காமல் இருக்கும் வழக்கம் உண்டு. வேப்பிலை இருக்கட்டும். அம்மாவின் மாத்திரை மட்டும் ஒருவேளைகூட நிற்கக் கூடாது. அவருக்கு முன்பு சின்னம்மை வந்ததில்லை என்றால் அந்த வீட்டிலிருந்து தள்ளியிருக்கச் செய்து, அன்றே டாக்டரிடம் தகவல் சொல்லுங்கள். இந்த மருந்து சாப்பிடுபவரிடம் சின்னம்மை நுரையீரல்வரை போய்விடக்கூடும்.

அம்மாவின் சுருக்குப்பையில் ஒரு துண்டுச்சீட்டு எப்போதும் இருக்கட்டும்: ‘பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன், திடீரென நிறுத்தக் கூடாது’, இன்றைய அளவு, உங்கள் போன் நம்பர். அளவு மாறும்போதெல்லாம் புதுச் சீட்டு எழுதுங்கள்.

கடைசியாக அந்த முகம். கொழுப்பு கன்னத்தில் போய்ச் சேர்வதால் வரும் உப்பல் அது. டோஸ் குறையக் குறைய மாதக்கணக்கில் வடியும், பழைய முகம் திரும்பிவிடும். தைக்குள் முழுதாக வடியும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன வருடம் மோர்ச்சோற்றைக் கரைத்துக் குடித்தவர், மகன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து வத்தக்குழம்பு போட்டுச் சாப்பிடப் போகிறார். அதை அவரிடம் சொல்லி மணவறையில் நிறுத்திவிடுங்கள். பாயசம் மட்டும் இரண்டு கரண்டியோடு நிற்கட்டும். அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு, மண்டபத்திலேயே ஒருமுறை சர்க்கரையைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.