துரோகக் கதைகளில் வாசகர்கள் தேடுவது பழிவாங்கலையா?

கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும், தோழி தோழிக்கும் செய்யும் துரோகத்தையும் அதற்கான பழிவாங்கலையும் சொல்லும் ஜனரஞ்சக நாவல்களை மக்கள் ஏன் இவ்வளவு விரும்பிப் படிக்கிறார்கள் என்றும், அவற்றையே தொடர்ந்து படிப்பவர்களின் குடும்பத்தில் சந்தேகம் புகுந்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலூர் தோட்டப்பாளையத்தில் என் தந்தை நடத்திய வாடகை நூல் நிலையத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன்.

மாத நாவல்களை ஐந்தைந்தாகச் சேர்த்துத் தைத்தும், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரம் தவறாமல் கிழித்தெடுத்து பைண்டு செய்தும் அடுக்கியிருந்தோம். பள்ளி ஆசிரியைகள், மருத்துவமனைச் செவிலியர்கள், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்குச் செல்பவர்களின் மனைவிமார் ஆகியோரே எங்கள் நிலையான வாடிக்கையாளர்கள். புத்தகம் திரும்பி வரும்போது கிழிசல் இருக்கிறதா என்று என் தந்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. துரோகக் கதைகளில் எண்ணெய்க் கறையும் மடிப்பும் மிகுந்த பக்கங்கள் ஒருபோதும் கடைசிப் பக்கங்களாக இருந்ததில்லை. வில்லன் சிறைக்குப் போகும் பக்கமும், அந்த இன்னொரு பெண் நடுத்தெருவில் நிற்கும் பக்கமும் அச்சகத்திலிருந்து வந்தவைபோல் சுத்தமாக இருக்கும். உண்மை மெல்ல மெல்லத் தெரியவரும் பக்கங்கள்தான் பலமுறை படிக்கப்பட்டுத் தளர்ந்துபோயிருக்கும்: சொன்ன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் இடையே உள்ள அரை மணி நேரம், கேட்காமலே சொல்லப்படும் விளக்கம், வழக்கத்துக்கு மாறான கனிவு.

இதன் பொருள் எனக்கு 1994 வரை விளங்கவில்லை. அந்த ஆண்டில்தான் என் அக்காவின் மணவாழ்க்கை முறிந்தது. இரவு ஷிப்டு என்று சொல்லி ராணிப்பேட்டைக்குச் சென்று வந்துகொண்டிருந்த மாமாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் ஆரணிப் பேருந்தின் பயணச்சீட்டு ஒன்று இருந்தது. ஆரணி தெற்கே இருக்கிறது. ராணிப்பேட்டை கிழக்கே இருக்கிறது. அக்கா அந்தச் சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு ஒன்றரை மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தாள். ஆரணியில் வேலைக்குச் சேர்ந்திருந்தவள் அக்காவின் பள்ளித் தோழி. எங்கள் வீட்டில் என் அம்மாவின் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவள். நானும் அவளை அக்கா என்றே கூப்பிட்டு வளர்ந்தேன்.

பழிவாங்கல் கதைகள் ஏன் எழுதப்பட்டன, ஏன் விற்றன என்பதைப் புரிந்துகொள்ள அக்காலச் சட்டத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 497ஆம் பிரிவு, பிறன் மனைவியுடன் அவளுடைய கணவனின் இசைவின்றி உறவு கொண்ட ஆணுக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை வைத்திருந்தது. புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் கணவனுக்கு மட்டுமே இருந்தது. கணவன் வேறொருத்தியிடம் போனால், மனைவிக்கு அந்தப் பிரிவில் எந்த இடமும் இல்லை. அந்த வேறொருத்தி மணமாகாதவளாக இருந்தால் அது குற்றமே இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முற்றிலும் நீக்கியது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதும் பிரிவு நீங்கியது சரியே என்பது என் கருத்து. ஆனால் 1994இல் அக்காவுக்குத் திறந்திருந்தவை 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி விவாகரத்தும் ஜீவனாம்சமும் மட்டுமே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழ் போனால் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. அந்த உச்சவரம்பு 2001இல்தான் நீக்கப்பட்டது. புகாரைக் கேட்க இடமில்லாத லட்சக்கணக்கான பெண்களுக்கு மாத நாவலின் கடைசி அத்தியாயம் ஒரு நீதிமன்றமாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அந்த நாவல்களைக் குப்பை என்று ஒதுக்கியவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அக்கா வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு எங்கள் கடையிலிருந்த அத்தகைய நாவல்கள் அனைத்தையும் ஓராண்டுக்குள் படித்து முடித்தாள். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, "தம்பி, எல்லாக் கதையிலயும் அவ பழி வாங்கிடறா. மறுநாள் காலையில எழுந்து என்ன செஞ்சாங்கறத மட்டும் யாருமே எழுத மாட்டேங்கறாங்களே" என்று கேட்டாள். அவள் குறை சொல்லவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். மாத நாவலுக்குப் பக்க அளவு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது என்பதும், முடிவு வந்தவுடன் கதையை நிறுத்தியாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவளுடைய கேள்விக்கு அது பதிலாகாது என்பதால் நான் பேசாமல் இருந்தேன்.

அதே காலத்தில் அவள் சொன்ன இன்னொன்று என்னை இதைவிட அதிகமாகப் பாதித்தது. மாமா செய்ததற்குப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி வாங்கினார்கள், வக்கீல் வைத்தார்கள். தோழி செய்ததற்கு யார் கூடுவார்கள்? 15 ஆண்டு நட்பு போனதற்குத் துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. ஜனரஞ்சக நாவலும் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது. நட்பை இழந்த வலியை எழுதுவதற்குப் பதிலாக, அந்தத் தோழி முதல் அத்தியாயத்திலிருந்தே பொறாமைக்காரியாக இருந்தாள் என்று காட்டி வேலையை எளிதாக்கிக்கொள்கிறது. அக்காவின் தோழி அப்படிப்பட்டவள் அல்லள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் கண்விழித்தவள். அதனால்தான் அந்தத் துரோகம் அப்படி வலித்தது.

சந்தேகம் புகுமா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. துரோகம் செய்பவரைப் பிறவித் தீயவராகவே காட்டும் கதைகளை மட்டும் படித்து வருபவருக்குச் சுற்றியிருப்பவர்கள் மேல் ஐயம் வரக்கூடும். அது இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். அதற்கு மாற்றாக நம் வட ஆற்காட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படும் ஒரு காட்சியை நினைவுபடுத்துகிறேன். துரியோதனனின் மனைவியும் கர்ணனும் தனியே இருக்கும்போது அவளுடைய மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. உள்ளே வரும் துரியோதனன், "எடுக்கவோ, கோக்கவோ" என்று கேட்கிறான். வில்லிபாரதத்தில் இதைக் கர்ணனே குந்தியிடம், தான் துரியோதனனை விட்டு வர முடியாததற்குக் காரணமாகச் சொல்கிறான். இன்றைய தொடர்கதையில் அதே மணிகள் சிதறினால் அடுத்த 40 அத்தியாயங்களுக்குச் சந்தேகம் ஓடும். பாரதத்தில் அந்த ஒரு கேள்விக்காக ஒருவன் உயிரையே கொடுக்கிறான். நம்பிக்கைக்கு இத்தனை எடை உண்டு என்று முதலில் காட்டாத கதை, அது உடைவதை எப்படிக் காட்ட முடியும்?

பழிவாங்கலைப் பற்றியும் அதே பாரதத்திடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். கோடையில் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் பல நாட்கள் தொடரும். சூதில் வஞ்சிக்கப்பட்டு, சபையில் இழுக்கப்பட்டு, கூந்தலை முடிக்கமாட்டேன் என்று சபதம் செய்தவளின் கதை அது; அதைவிடப் பெரிய பழிவாங்கல் கதை நம்மிடம் இல்லை. பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிப்பாள். ஆனால் நான் சிறுவயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து பார்த்தது அதோடு முடியவில்லை. துரியோதனன் வீட்டுப் பெண்ணாக வேடமிட்டவர் தலைவிரி கோலமாக வந்து அந்த மண் உருவத்தின் அருகே ஒப்பாரி வைத்தார். சற்று முன்பு வரை திரௌபதிக்காகக் காத்திருந்த அதே கூட்டத்தில் எத்தனையோ பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வென்றவளின் பக்கமே நிற்கும் விழாவில், தோற்றவன் வீட்டு அழுகைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்றைய பழிவாங்கல் நாவலில் நான் தேடி அலைவது அந்த இடத்தைத்தான்.

ஆகவே படியுங்கள். படிப்பவரைத் தடுக்கவும் வேண்டாம். உண்மை தெரியவரும் பகுதியை எழுத்தாளர் எத்தனை பொறுமையோடு எழுதியிருக்கிறார் என்பதைப் பார்த்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அவசரப்பட்டவர் முடிவில் எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பினாலும் அது வீண்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பின்னாளில் கடையின் பைண்டிங் வேலையை அக்காவே எடுத்துக்கொண்டாள். கணவனும் தோழியும் ஒருத்தியை ஏமாற்றும் ஒரு தொடர்கதையைத் தொகுத்தபோது கடைசி வாரத்து இதழ் எங்களுக்குக் கிடைக்கவில்லை. முடிவு இல்லாமலே தைத்து, முதல் பக்கத்தில் அதை எழுதியும் வைத்தோம். யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த ஆண்டில் எங்கள் கடையில் மிகுதியாக வெளியே போன புத்தகங்களில் அதுவும் ஒன்று. திருப்பிக் கொடுக்க வந்த பெண்கள் மேசையருகே நின்று, முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு பேர் அவன் லாரியில் அடிபட்டுச் சாக வேண்டும் என்றார்கள். ஒரு செவிலியர், அவள் தையல் வகுப்பில் சேர்ந்து காட்பாடியில் தனி வீடு பார்க்க வேண்டும் என்றார். வாடகை எவ்வளவு ஆகும் என்றுகூடக் கணக்குச் சொன்னார். சத்துவாச்சாரியிலிருந்து வந்த வயதான ஆசிரியை ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "கணவனை விட்டுவிடலாம்மா. அந்தத் தோழி ஒரு நாள் கதவைத் தட்டினால் இவள் திறப்பாளா, மாட்டாளா, அதை எழுதச் சொல்லு" என்றார். அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை. அன்று மாலை கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது, கடைசி வாரத்து இதழ் எங்காவது பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் வாங்கிவிட வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள்.