நவம்பர் 11 அன்று கொலோனில் வந்து இறங்கப் போகும் தம்பிக்கு

தம்பி, ஒரே கேள்விக்குள் ஏழெட்டுக் கேள்வி வைத்திருக்கிறீர்கள். நவம்பர் 11 காலையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, ரயில் பிடித்துக் கொலோன் வந்து, மதியத்துக்குள் வீட்டுச் சாவி வாங்கி, அன்றைக்கே குடியிருப்புப் பதிவையும் முடித்துவிடலாமா என்கிறீர்கள். போலந்தின் வார்சாவில் இருக்கும் கல்லூரி நண்பருக்கு அன்று விடுமுறை, பாரிஸில் இருப்பவருக்கும் விடுமுறை, அப்படியானால் ஜெர்மனியிலும் எல்லாம் மூடியிருக்குமோ என்று சந்தேகம். கூடவே சம்பளம் போதுமா, எந்த வங்கி நல்லது, குக்கர் கொண்டுவரலாமா, அரிசி கிடைக்குமா. இந்தக் கடைசி நான்குக்கும் ஆளாளுக்கு வீடியோ போட்டு வைத்திருக்கிறார்கள், அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். நான் தேதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விடுமுறை இல்லை. ஆனாலும் அந்த ஒரு நாளை விட்டுவிட்டு வேறு என்றைக்கு வேண்டுமானாலும் வாருங்கள்.

கொலோன் இருக்கும் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் வருடத்துக்கு 11 அரசு விடுமுறைகள். அந்தப் பதினொன்றில் நவம்பர் 11 கிடையாது. சட்டப்படி அது சாதாரண வேலைநாள். ஆனால் அன்று காலை 11 மணி 11 நிமிடத்துக்கு இங்கே கார்னிவல் பருவம் தொடங்குகிறது. ஹாய்மார்க்ட் சதுக்கத்தில் மேடை போட்டிருப்பார்கள். பல்லாயிரம் பேர் வேஷம் கட்டிக்கொண்டு நின்று பத்து, ஒன்பது, எட்டு என்று கத்தி எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் பாட்டு, பீர், ஆட்டம், ராத்திரி வரைக்கும். கொலோனில் இந்தக் கார்னிவல் கமிட்டி போட்டு ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது 1823இல். அதனால் இதை யாரும் குறைத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் அறை ட்சூல்பிஷர் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் உட்கார்ந்து பதில் எழுதவேண்டும் என்று தோன்றியது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெரு, மாணவர்கள் அத்தனை பேரும் கூடுவது அங்கேதான். காலையிலேயே தடுப்பு வேலி வந்துவிடும், கண்ணாடி பாட்டிலோடு உள்ளே விடமாட்டார்கள், அந்தப் பக்கம் போகும் டிராம்கள் வழி மாறும். கூட்டம் மிஞ்சினால் தெருவையே மூடிவிடுவார்கள். தலா 23 கிலோ என்று இரண்டு பெட்டியையும் உருட்டிக்கொண்டு அதற்குள் எப்படிப் போவீர்கள்? பதிவுக்கும் அவசரம் இல்லை, குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரம் அவகாசம் உண்டு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் இல்லாமல் பதிவே நடக்காது, அதை வாங்குவதில் குறியாக இருங்கள். டிக்கெட்டை 12க்கு மாற்றக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். மாற்றவே முடியாது என்றால் கொலோன் மத்திய ரயில் நிலையத்தில் இறங்காமல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் டாய்ட்ஸ் நிலையத்தில் இறங்கி, அங்கேயே ஒரு ராத்திரிக்கு அறை எடுங்கள்.

நானும் நவம்பரை ஒட்டித்தான் வந்தேன். அப்போது இதையெல்லாம் சொல்ல ஆள் கிடையாது. வந்து இறங்கியது அக்டோபர் கடைசி நாள் சாயங்காலம். மறுநாள் நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாள். இந்த மாநிலத்தில் அது விடுமுறை, பெர்லினில் இல்லை, ஹாம்பர்க்கில் அதற்குப் பதில் முந்தின நாள். மாநிலத்துக்கு மாநிலம் இப்படித்தான். கையில் யூரோ இருக்கிறது, வயிற்றில் பசி இருக்கிறது, தெருவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டும் திறக்கவில்லை. ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும் என்று ஒரு துருக்கிக்காரப் பெரியவர் கையைக் காட்டினார். அங்கே போய் உப்புக் கல் ஒட்டிய பிரெட்சல் ஒன்றை வாங்கி நடைமேடையில் நின்றுகொண்டே தின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கதைதான், சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் 11ஆம் தேதி வந்தது. தற்காலிக விடுதியிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறவேண்டிய நாள். டிராமில் ஏறினால் ஒரு கரடி, தாடி வைத்த இரண்டு கன்னியாஸ்திரிகள், கையில் மேளத்தோடு ஒரு கோமாளி. என் பக்கத்தில் தேனீ வேஷம் போட்ட பெண், தலையில் கம்பிச் சுருள் ஆடிக்கொண்டிருக்கிறது. நான் தி.நகரில் வாங்கிய கோட்டும், அம்மா பெட்டியில் திணித்த குரங்குக் குல்லாவும் போட்டிருந்தேன். அந்தப் பெண் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ‘நன்றாக இருக்கிறது, இது என்ன வேஷம்?’ என்றாள். அன்றைக்கு அது வலித்தது. இப்போது சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை ஒன்று எனக்கே இருக்கிறது, வருடா வருடம் இஸ்திரி போட்டு வைக்கிறேன்.

வீட்டுக்காரர்? வரவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றவர் போனையும் எடுக்கவில்லை. மறுநாள் காலை காதோரம் நீலச் சாயம் போகாமல் வந்து சாவியை நீட்டினார். அந்த ஒரு நாளுக்கும் சேர்த்தே வாடகை வாங்கினார். இவ்வளவு காலம் ஆகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவின் இந்தப் பகுதிகளில் நவம்பர் 11 அந்தக் காலத்தில் குத்தகை கட்டும் நாள், பண்ணையாட்கள் கூலியை வாங்கிக்கொண்டு வேறு பண்ணைக்கு மாறும் நாள். அதற்கு மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை நோன்பு என்பதால் அன்றைக்கே வாத்தை அடித்துத் தின்று, புது ஒயினைக் குடித்துத் தீர்ப்பார்கள். கார்னிவல் இந்தத் தேதியில் ஆரம்பிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பதினொன்று கோமாளிகளின் எண் என்பதும் பழைய வழக்கம். என் வீட்டுக்காரருக்கு இத்தனையும் மறந்து குத்தகை மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

நண்பர்களின் விடுமுறைக்கு வருவோம். தேதி ஒன்றுதான், காரணம் வேறு. முதல் உலகப் போர் நின்றது 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு. காம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் விடியற்காலையில் கையெழுத்துப் போட்டார்கள். அதனால் பிரான்ஸுக்கும் பெல்ஜியத்துக்கும் விடுமுறை. அமெரிக்காவில் அதே நாள் முன்னாள் படைவீரர்களுக்கானது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். என் அத்தை பையன் டொராண்டோவில் வேலைக்குப் போவான், அவன் தம்பி வான்கூவரில் வீட்டில் தூங்குவான், குடும்பக் குழுவில் வருடம் தவறாமல் சண்டை. போலந்துக்கு அது சுதந்திர நாள். 123 வருடம் வரைபடத்திலேயே இல்லாத நாடு 1918இல் திரும்ப வந்த நாள். சீனாவில் நான்கு ஒன்றுகள் வரிசையாக நிற்பதால் ஒண்டிக்கட்டைகளின் நாள், 2009இலிருந்து அலிபாபா அதைத் தள்ளுபடித் திருவிழாவாக்கிவிட்டது. நம் ஊரில் அபுல் கலாம் ஆசாத் பிறந்தநாள், தேசியக் கல்வி நாள், ஆனால் பள்ளிக்கூடம் உண்டு. மாலத்தீவுக்குக் குடியரசு நாள். அங்கோலாவுக்கும் ஏதோ உண்டு, சுதந்திரம் என்று நினைவு, 1975.

இதெல்லாம் பொது அறிவுக்கு என்று நினைக்காதீர்கள், வேலையில் கையைக் கடிக்கும். எங்கள் திட்டத்தில் சென்னை, வார்சா, பாரிஸ், இங்கிலாந்து, கொலோன் என்று ஐந்து இடத்து ஆட்கள். சென்னையில் யாரோ ஒரு புண்ணியவான் நவம்பர் 11, மாலை மூன்றரைக்குக் கூட்டம் வைத்தார். இங்கே அது காலை 11 மணி. கொலோன்காரன் ஒருவனும் வரவில்லை, வார்சாவும் பாரிஸும் விடுமுறை. நானும் இரண்டு இங்கிலாந்துக்காரர்களும் சென்னையும் மட்டும் பேசிக்கொண்டே இருந்தோம். இங்கே மணி பன்னிரண்டு ஆனபோது, அதாவது லண்டனில் 11, அவர்கள் இருவரும் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்கள். போரில் செத்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். கோட்டில் சிவப்புப் பாப்பிப் பூ குத்தியிருந்தது. சென்னையில் ‘ஹலோ, கேட்கிறதா, கேட்கிறதா’ என்று ஒரு குரல். என் ஜன்னலுக்கு வெளியே ட்ரம்பெட். ஜெர்மனிக்காரர்கள் தோற்றவர்கள், அவர்களுக்கு அந்தத் தேதியில் நினைவுகூர எதுவும் வைக்கவில்லை. போரில் செத்தவர்களுக்கான துக்க நாளை நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். நமக்கும் அந்தப் போரில் பங்கு உண்டு, 74,000 இந்தியச் சிப்பாய்களுக்கு மேல் செத்திருக்கிறார்கள். சென்னையில் தீவுத்திடல் பக்கம் போர் நினைவுச் சின்னம் என்று பஸ் நிறுத்தம் இருக்கிறதே, அந்தச் சின்னமே முதலில் அந்தப் போருக்காகக் கட்டியதுதான். நான் அதைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனவன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை.

இன்னொன்று. 11க்கு இரண்டு நாள் முன்னால் 9ஆம் தேதி சாயங்காலம் தெருவில் நடந்தால் நடைபாதையில் பதித்த சின்னப் பித்தளைக் கற்களின் பக்கத்தில் மெழுகுவத்தி எரியும். அந்த வீட்டிலிருந்து இழுத்துப்போகப்பட்ட யூதர்களின் பெயர்கள் அந்தக் கற்களில் இருக்கும். 1938 நவம்பர் 9 ராத்திரிதான் நாஜிகள் யூதர்களின் கோயில்களையும் கடைகளையும் கொளுத்தினார்கள். பெர்லின் சுவர் திறந்ததும் 1989இல் அதே தேதிதான். ஆனாலும் தேசிய நாளை அக்டோபர் 3இல் வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் புரியும். கல்லை மிதிக்காமல் நடங்கள்.

கார்னிவலைப் பற்றி நம் ஆட்களிடம் கேட்காதீர்கள். பாதிப்பேர் ‘குடிகாரக் கூத்து’ என்று முகம் சுளிப்பார்கள், சுளித்துக்கொண்டே கோமாளி மூக்கோடு படம் போடுவார்கள். குடிக்காதவரும் போகலாம், நானே குடிப்பதில்லை. இங்கே பீர் 200 மில்லி கிளாஸில் வரும், காலியானால் கேட்காமலே அடுத்தது வரும், போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடவேண்டும். இது தெரியாமல் பில்லைப் பார்த்து மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கத்துவதென்றால் ‘அலாஃப்’ என்று கத்துங்கள். ‘ஹேலாவ்’ டூசல்டார்ஃப்காரர்களுடையது, கொலோனில் அதைச் சொன்னால் அன்றைக்கு உங்களோடு யாரும் பேசமாட்டார்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பெரிய கார்னிவல் வரும்போது வியாழக்கிழமையன்று நல்ல டை கட்டிக்கொண்டு போகாதீர்கள், பெண்கள் கத்தரிக்கோலோடு வருவார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த நவம்பர் 11 சாயங்காலம்தான் ஆரம்பிக்கும். அது புனித மார்ட்டின் நாள். நான்காம் நூற்றாண்டு ரோமச் சிப்பாய், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதி கொடுத்தவர், பின்னால் பிஷப் ஆனவர். 397இல் அவரை அடக்கம் செய்த நாள் இது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு பாடிக்கொண்டே போவார்கள், முன்னால் சிவப்பு அங்கி போட்ட ஆள் நிஜக் குதிரையில். கடைசியில் சொக்கப்பனை மாதிரி ஒரு பெரிய தீ. பிறகு ஆளுக்கொரு மனித உருவ ரொட்டி, கண்ணுக்கு உலர்திராட்சை, கூடவே ஒரு மண் புகைக்குழாய். என் பெண் முதல் வருடம் செய்த விளக்கு முள்ளம்பன்றி என்றாள், பார்த்தால் பலாப்பழம். நம்மில் சிலர் சர்ச் விஷயம் என்று பிள்ளையை அனுப்புவதில்லை. பாவம் அந்தப் பிள்ளைகள், மறுநாள் வகுப்பில் பேச ஒன்றும் இருக்காது. இவர்களே தீபாவளிக்கு ஏன் விடுமுறை தரவில்லை என்று புலம்புவார்கள்.

புலம்புகிறவர்கள் ஒருமுறை இதே மாநிலத்தில் இருக்கும் ஹம் ஊருக்குப் போய்ப் பார்க்கட்டும். கையில் ஒன்றுமில்லாமல் அகதியாக வந்த ஈழத்து மக்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில், 2002இல் குடமுழுக்கு. தேருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், ஜெர்மன்காரர்களும் வந்து நிற்பார்கள். வேலை விசாவில் வந்து இறங்கியதும் அவர்களைவிட நாம் ஒசத்தி என்று நினைக்கும் கூட்டம் ஒன்று இங்கே உண்டு, அதோடு சேராதீர்கள். நவம்பர் 27 அவர்களில் பலருக்குப் போரில் போனவர்களை நினைக்கும் நாள். அன்றைக்குப் பிறந்தநாள் விருந்து, பாட்டு என்று அவர்களைக் கூப்பிடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. போலந்தின் போஸ்னான் ஊரில் நவம்பர் 11க்கு மார்ட்டின் பெயரில் ஒரு கிரோசான் சுடுவார்கள், உள்ளே வெள்ளைக் கசகசாப் பூரணம். எங்கள் வார்சா ஆள் ஒருமுறை கொண்டுவந்தபோதுதான் நினைத்துக்கொண்டேன், புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லவேண்டும் என்று. நீங்கள் எந்த வழியாக வருகிறீர்கள் என்று எழுதவில்லை. துபாய் வழி என்றால், அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், குருமாவுக்கு என்று பெட்டியில் கசகசா வைக்கக்கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கு, மாட்டினால் வேலையும் போச்சு விசாவும் போச்சு. இங்கே எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் ‘மோன்’ என்று கேட்டால் தருவார்கள். நீலக் கறுப்பாக இருக்கும், குருமா சாம்பல் நிறத்தில் வரும், ருசியில் ஒன்றும் குறையில்லை.