கொரிய சினிமாவும் அரசின் கையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்கொரிய சினிமாவின் இன்றைய உயரத்துக்கு அந்நாட்டு அரசு அளித்த பாதுகாப்பே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். திரையரங்குகள் ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் உள்நாட்டுப் படங்களைத் திரையிட்டே ஆகவேண்டும் என்ற ஒதுக்கீட்டு விதியைக் குறிப்பாகச் சுட்டுகிறார்கள். ஒரு விதியால் ஒரு நாட்டின் சினிமாவை வளர்த்துவிட முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த விதி 1966ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் வந்தது. அது ஒன்றே போதுமென்றால் கொரிய சினிமா எழுபதுகளிலேயே தழைத்திருக்க வேண்டும். ஆனால் அதன் வரலாற்றில் மிக வறண்ட காலம் அதுதான்.

பார்க் சுங் ஹீயின் ராணுவ அரசு 1962இல் கொண்டுவந்த திரைப்படச் சட்டமும் அதன் திருத்தங்களும், சொந்தப் படப்பிடிப்புத் தளமும் கருவிகளும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 15 படங்கள் எடுக்கக்கூடிய நிறுவனங்களுக்கு மட்டுமே தயாரிப்பு உரிமை என்றன. சிறிய தயாரிப்பாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உண்மையான லாபம் வெளிநாட்டுப் படங்களில் இருந்தது. அவற்றை இறக்குமதி செய்யும் உரிமமோ உள்நாட்டுப் படம் எடுத்தவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தது. ஆகவே உரிமத்துக்காகவே, யார் பார்ப்பார்கள் என்ற கவலையின்றி, மலிவாகவும் அவசரமாகவும் படங்கள் எடுக்கப்பட்டன. அதற்குமேல் திரைக்கதையிலும் முடிந்த படத்திலும் தணிக்கை கை வைத்தது. ஒதுக்கீடு திரையரங்கின் கதவைத் திறந்து வைத்திருந்தது, உள்ளே வரத் தகுதியான படங்கள் பிறக்கும் வழியை அதே அரசு அடைத்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் தயாரிப்பு உரிமை தளர்த்தப்பட்டது. 1988 முதல் அமெரிக்க நிறுவனங்கள் தம் படங்களை நேரடியாக விநியோகிக்கத் தொடங்கியபோது கொரியத் திரைத்துறையினர் தெருவில் இறங்கினார்கள். எதிர்ப்பு, அரங்குகளுக்குள் பாம்புகளை விடும் அளவுக்குப் போனது. 1993இல் உள்நாட்டுப் படங்களின் சந்தைப் பங்கு 16 சதவீதம் அளவுக்கு விழுந்தது. மறு ஆண்டு அதிபருக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை, டைனோசர்களைப் பற்றிய ஒரே ஒரு ஹாலிவுட் படத்தின் வருவாய் 15 லட்சம் ஹூண்டாய் கார்களின் ஏற்றுமதிக்கு ஈடானது என்று கணக்கிட்டது. சினிமாவை ஒரு தொழிலாக அரசு பார்க்கத் தொடங்கியது அதன் பிறகே.

ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது 1996இல் வந்த தீர்ப்பை. படம் வெளிவரும் முன்பே அரசு தணிக்கை செய்வது அரசியலமைப்புக்கு எதிரானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் அறிவித்தது. பிளவுண்ட நாட்டையும், ராணுவ ஆட்சியையும், காவல்துறையின் தோல்விகளையும் அச்சமின்றிப் பேசிய படங்கள் அதன் பின்னரே அலையாக வந்தன. அப்போது அவற்றை எடுக்கத் தெரிந்த ஒரு தலைமுறை தயாராக இருந்தது. ‘பாரசைட்’ படத்தின் இயக்குநர் போங் ஜூன் ஹோ பயின்ற கொரியத் திரைப்படக் கலைக் கழகம் 1984இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பயிற்சிக்குச் செலவிட்ட பணம் பலன் தர பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. எந்த அமைச்சரும் தன் பதவிக்காலத்துக்குள் அதைக் காட்டிப் பெருமைப்பட முடியாது.

2006இல் உள்நாட்டுப் படங்களின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டியது. அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தத்துக்காக 146 நாட்களாக இருந்த ஒதுக்கீடு அதே ஆண்டில் 73 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் பங்கு சரிந்தாலும், 2011இல் மீண்டும் பாதியைக் கடந்தது. ஒதுக்கீடு பயனற்றது என்று இதைக்கொண்டு சொல்ல மாட்டேன். நலிந்திருந்த காலத்தில் அது அரங்குகளைக் கைவிட்டுப் போகாமல் காத்தது.

உதவும் அதே கை தண்டிக்கவும் செய்யும். அதிபர் பார்க் குன் ஹேயின் ஆட்சியில் தயாரிக்கப்பட்ட, 9,000க்கும் மேற்பட்ட கலைஞர்களின் பெயர் கொண்ட கறுப்புப் பட்டியலில் போங் ஜூன் ஹோவும் இன்னொரு புகழ்பெற்ற இயக்குநரான பார்க் சான் வூக்கும் இருந்தார்கள். நிதியைப் பங்கிடும் அமைப்பு ஆட்சியாளரிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

இன்று அங்கே தயாரிப்பு, விநியோகம், அரங்கு மூன்றும் சில பெருநிறுவனங்களின் பிடியில் இருக்கின்றன. நாட்களை எண்ணும் ஒதுக்கீட்டு விதிக்கு ஒரு படம் கொரியப் படமா என்பது மட்டுமே கணக்கு. பெரிய படம் ஒன்று பெரும்பாலான திரைகளை எடுத்துக்கொண்டால் சிறிய கொரியப் படத்துக்கு அந்த விதியால் ஒரு காட்சிகூடக் கிடைக்காது.