பேனர் ஸ்டைல் என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள்

கேள்வி: நல்ல ஓவியம், மோசமான ஓவியம் என்று கலை உலகம் தரம் பிரிப்பதில் பாரபட்சம் இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் படத்தை யாரோ வேண்டாம் என்று சொன்ன சூட்டில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சூடு எனக்கும் தெரியும். நான் பட்டது அப்பாவின் படத்துக்காக.

அப்பா மதுரையில் சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட். 14 வயதில் பிரஷ் கழுவும் பையனாகப் பட்டறையில் சேர்ந்தவர். கையளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, துணியிலும் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு, 20 அடி முகத்தை ஏணியில் நின்றபடி வரைவார். பக்கத்தில் நின்று பார்த்தால் பச்சையும் ஊதாவும் ரோஸும் திட்டுத் திட்டாக இருக்கும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் அது சிவாஜியின் கன்னம். சின்ன வயதில் அதற்காகவே ரோட்டைக் குறுக்கே கடந்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் வந்ததும் தொழில் போயிற்று. சும்மா இருக்க முடியாமல் அப்பத்தாவை வரைந்தார். திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டும் படம். அதைச் சென்னையில் ஒரு கூட்டுக் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். தேர்வு செய்தவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கை நல்லா இருக்கு மேடம். ஆனா இது பேனர் ஸ்டைல், ஆர்ட்ல வராது" என்று திருப்பித் தந்தார்.

'சொந்த அப்பா என்பதால் பேசுகிறாய்' என்று இங்கே யாராவது சொல்லலாம். அந்தப் படத்தில் அப்பத்தாவின் இடது கை விரல்கள் சரியாக வரவில்லை, அது எனக்கே தெரியும். அதைக் காட்டி வேண்டாம் என்றிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் விரல்களைப் பார்க்கவே இல்லை. வரைந்தவர் எங்கே படித்தார் என்றுதான் முதலில் கேட்டார்.

உலகப் புகழ் பெற்ற ஓவியர் எம்.எஃப். ஹுசைனும் பம்பாயில் சினிமா ஹோர்டிங் வரைந்து பிழைத்தவர்தான். அவரைப் பற்றி எழுதுபவர்கள் அதைப் பெருமையாகக் குறிப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு மட்டும் அதே வேலை எப்படிக் குறையானது?

இது இந்தியாவில் மட்டும் நடப்பதும் இல்லை. நெதர்லாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் யூடித் லெய்ஸ்டர் என்று ஒரு பெண் ஓவியர் இருந்தார். அவர் இறந்த பிறகு அவருடைய படங்கள் பலவற்றை அதே காலத்துப் புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாகச் சொல்லியே கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். 1893-இல் அப்படி விற்கப்பட்ட ஒரு படத்தில் நட்சத்திரம் சேர்ந்த அவருடைய கையெழுத்து தெரியவந்தது. விவகாரம் வழக்கு வரை போய், படத்தின் விலையைக் குறைத்தார்கள். முந்தின நாள் வரை மேதையின் வேலை என்று பார்த்த அதே படம். ஒரு கோடுகூட மாறவில்லை, மாறியது பெயர்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நலவாரிய அட்டைக்காக அப்பாவை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனோம். தொழில் என்ற இடத்தில் 'பெயின்டர்' என்று எழுதி, கட்டட வேலைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பது குறைவான வேலை என்று நான் சொல்லவில்லை, அதில் உயிரையே பணயம் வைக்கிறார்கள். ஆனால் 30 வருடம் முகம் வரைந்தவருக்கு அவர் செய்த வேலையின் பெயர் ஒரு காகிதத்திலாவது இருக்க வேண்டாமா? மாற்றச் சொல்லி மூன்று முறை அலைந்தேன், நடக்கவில்லை.

அப்பத்தா படத்தைத் திருப்பித் தந்து இரண்டு வருடம் கழித்து, சென்னையில் அதே கூடத்தில் ஒரு கண்காட்சி. ஓவியக் கல்லூரியில் படித்த ஒருவர் பழைய சினிமா பேனர் பாணியிலேயே வரைந்து மாட்டியிருந்தார். வெகுமக்கள் கலையை மீட்டெடுக்கும் முயற்சி என்று பக்கத்தில் குறிப்பு வேறு. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, ஆசையோடுதான் வரைந்திருந்தார். பேனர் ஸ்டைல் அன்றைக்கு மட்டும் எப்படி ஆர்ட்டுக்குள் வந்தது என்று கேட்கத்தான் தேர்வு செய்தவரைத் தேடினேன். அவர் வந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு, விலை எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"முகத்துல நிழலுக்கு என்னம்மா போட்டிருக்கான்? பச்சையா?"

"இல்லப்பா, கறுப்பு."

"கறுப்பு வச்சா தூரத்துல முகம் செத்துப்போயிடும்மா. யாராச்சும் அந்தத் தம்பிகிட்ட சொல்லணும்" என்றார்.