ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ ஏன் சப்பென்று இருக்கிறது?

பினாங்கில் நடக்கும் போர்க்காலக் காதல் நாவல் என்று எல்லாரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்களே, செல்லையாவும் மரகதமும் ஒரு சண்டைகூடப் போடாமல் பிரிந்துபோகிறார்கள், இதற்கா இவ்வளவு பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஏமாற்றத்தில் பாதி நியாயம். மரகதத்துக்கு ஆசிரியர் கொடுத்த இடம் குறைவு. அவள் என்ன நினைக்கிறாள் என்பதைவிட அவளைப் பற்றி ஆண்கள் என்ன முடிவு செய்கிறார்கள் என்பதே அதிகம் வருகிறது. 1950இல் எழுதி 1959இல் புத்தகமான முதல் நாவல் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

மறுபாதிக்குக் காரணம், ‘போர் பிரித்த காதல்’ என்று நினைத்துப் புத்தகத்தைத் திறந்தது. காதலுக்குக் குறுக்கே நிற்பது போர் அல்ல, வட்டிக்கடை. செல்லையா, மரகதத்தின் அப்பா வயிரமுத்துப் பிள்ளையின் கடைப் பையன்தான். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்கிவிட்டான், அதுதான் குற்றம். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனி வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது பிள்ளையின் தீர்ப்பு.

இது கிழவரின் வெறும் பிடிவாதமாகத் தெரிந்தால் நாவல் அங்கேயே படுத்துவிடும். கடை எப்படி நடந்தது என்று தெரிந்தால் நிமிர்ந்துவிடும். ஊரிலிருந்து வரும் சிறுவன் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பிறகு உதவியாளான அடுத்தாள், கடைசியில் கடையை நடத்தும் மேலாள். வழக்கமாக மூன்று வருஷ வேலைத் தவணை, அதற்குக் ‘கணக்கு’ என்று பெயர், முடிந்ததும் ஊர்ப்பயணம். படுக்கையும் சாப்பாடும் கிட்டங்கியிலேயே, அதாவது வட்டிக்கடைகள் இருந்த கட்டடத்திலேயே. கடன்காரன் நாளைக்கு வா என்று நாலு முறை விரட்டினாலும் ஐந்தாம் முறை முகம் சுளிக்காமல் போய் நிற்பவன்தான் இந்தத் தொழிலுக்கு வேண்டும். உத்தரவு போட்டுப் பழகிய ஆளால் அது முடியுமா? பிள்ளையின் பயம் அங்கே இருக்கிறது. மாப்பிள்ளை என்றால் அவருக்குக் கடையின் அடுத்த முதலாளி.

காலக்கணக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கின் நகரமான ஜார்ஜ்டவுனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 11. ஜப்பானியர் 19ஆம் தேதி உள்ளே வந்தார்கள். அதன்பின் சுமார் மூன்றரை வருஷம் ஊருக்குக் கடிதமும் பணமும் ஒழுங்காகப் போகவில்லை. போருக்கு முன் மலாயா வெள்ளியில் (டாலரில்) வாங்கிய கடனை, ஜப்பானியர் அச்சடித்த, செல்லாக்காசாகிக்கொண்டிருந்த வாழைமர நோட்டில் அடைத்தவர்களும் உண்டு. 1945 செப்டம்பர் 3இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்த நோட்டு வெறும் காகிதம். இத்தனையும் பார்த்த வட்டிக்கடை முதலாளி, போர் முடிந்ததும் பழைய ஒழுங்கையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வார்?

மறுபடி படிப்பதாக இருந்தால் காதல் காட்சிகளை வேகமாகத் தள்ளிவிட்டுக் கடைக்காட்சிகளில் நில்லுங்கள். யார் உட்கார்ந்து பேசுகிறார், யார் நின்று பேசுகிறார் என்று பாருங்கள். செல்லையா முதலாளி முன்னால் நிற்கும்போது பட்டாளக்காரனும் கடைப் பையனும் அவனுக்குள் இழுபறி போடுவது அப்போதுதான் பிடிபடும். சண்டை இல்லை என்றீர்களே, சண்டை அங்கேதான் நடக்கிறது. செல்லையாவின் நண்பன் மாணிக்கத்தின் நீண்ட பேச்சு சிலருக்கு அலுப்புத் தட்டும். தாண்டிவிடாதீர்கள், செல்லையா தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் வழி அதில்தான் இருக்கிறது.

நீங்கள் பினாங்கிலேயே இருப்பதால் ஒரு சனிக்கிழமை காலை லெபோ பினாங்கு, லெபோ பசார் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். கிட்டங்கிக் கட்டடங்களின் நீளமும் இருட்டும் தெரிந்தால், அதற்குள் இத்தனை ஆட்கள் எப்படிப் படுத்தெழுந்தார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

அடுத்து சிங்காரத்தின் இன்னொரு நாவலான ‘புயலிலே ஒரு தோணி’யை எடுக்கலாம். மொழியிலும் வீச்சிலும் இதைவிடப் பெரிய நாவல் அது. ஆனால் காதலைத் தேடி மட்டும் அதற்குள் போகாதீர்கள், இதில் கிடைத்த அளவுகூட அங்கே கிடைக்காது.