நேர்தடத்தில் குறுகிய தூரம் சீறும் டிராக் ரேஸில், எரிபொருளில் நைட்ரோமீத்தேன் (சுருக்கமாக நைட்ரோ) 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறார்களே, அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் போட்டிகளில் டாப் ஃபியூயல், ஃபன்னி கார் என்ற இரண்டு கார் பிரிவுகளுக்கும் இதுதான் உச்சவரம்பு. மீதி பெரும்பாலும் மெத்தனால். 2004இல் டாப் ஃபியூயல் ஓட்டுநர் டேரல் ரஸல் விபத்தில் இறந்தபின் 85 ஆகக் குறைத்தார்கள், 2008இல் மறுபடி 90 ஆக்கினார்கள்.

சோதனைக் கருவி, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். 20 டிகிரி செல்சியஸில் நைட்ரோவின் அடர்த்தி சுமார் 1.14, மெத்தனால் 0.79. ஒன்பது லிட்டர் நைட்ரோவுக்கு ஒரு லிட்டர் மெத்தனால் கலந்தால் 1.10 அளவில் நிற்கும். குழப்பம் வருவது வெப்பநிலையால்தான். எரிபொருள் 10 டிகிரி சூடானாலே அளவீடு கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைத்துக் காட்டும். வெயிலில் நின்ற டிரம்மை அளந்து, அட்டவணைப்படி திருத்தாமல், "86தானே இருக்கிறது" என்று நைட்ரோவைச் சேர்த்தால் நிஜத்தில் வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் ஹைட்ரோமீட்டரைத் தொடவே கூடாது என்பேன். மூடியையும் திறந்து வைக்காதீர்கள். மெத்தனால் 65 டிகிரியில் கொதிப்பது, நைட்ரோ 101இல். முதலில் ஆவியாகிப் போவது மெத்தனால், சதவீதம் தானாக ஏறிவிடும்.

மெத்தனால் வெறும் நிரப்பு அல்ல, எரிபொருள் சீராக எரியாமல் சட்டென வெடிக்கும் வெடிப்பதிர்வை அடக்குவது அதுதான். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று தேவை, நைட்ரோவுக்கு 1.7 போதும். அதனால் சிலிண்டருக்குள் திரவம் ஏராளமாகப் பாய்கிறது. ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால் எரியாத திரவம் தேங்கி, அழுத்த முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் பிளாக்கே பிளக்கலாம்.